செக் ஜாவா முதலாம் எண் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் வடகிழக்கில் இருக்கும் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில், செக் ஜாவா என்ற ஈரநிலக் கரைக்குள் கொஞ்ச தூரம் நடந்ததும் இங்கிலாந்தின் டியூடர் பாணியில் ஒரு வீடு எதிரே வரும். செங்குத்தான ஓட்டுக் கூரை, புகைக்கூண்டு, பின்பக்கம் கடல். குடும்பத்தோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் அங்கே போய் வருபவர்கள் அந்த வீட்டைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளும். வீட்டைப் பற்றிப் பேசினால் கடற்கரையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும், அதனால்.

இது பழைய வனக்காவல் நிலையமா?

இல்லை. காட்டோரத்தில் தனியாக நிற்பதாலும், உள்ளே தேசியப் பூங்காக் கழகத்தின் ஆட்கள் இருப்பதாலும் பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். 1930களில் இது வார இறுதியில் வந்து தங்கிப் போவதற்காகக் கட்டப்பட்ட வீடு. முதலாம் எண் வீடு என்பது அதன் முகவரி, அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கு அது செய்யும் வேலையைப் பார்த்தால் உங்கள் ஊகம் அவ்வளவு தூரம் தப்பில்லை. வருபவர்களுக்கு வழி சொல்வது, காட்டையும் கரையையும் விளக்குவது எல்லாம் அங்கிருந்துதான் நடக்கிறது. 'ரேஞ்சர் நிலையம்' என்ற பெயரிலேயே ஓர் இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் பக்கம் போங்கள், மர உச்சி நடைபாலத்துக்குப் போகும் வழியில் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிரப்பிக்கொண்டு கொஞ்சம் உட்கார நல்ல இடம்.

அப்படியானால் சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் வனக்காவலர்களே கிடையாதா?

இருந்தார்கள், அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டை அழித்ததில் பெரும் பங்கு கம்பியர் தோட்டங்களுக்கு உண்டு. தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட பொருள் அது. கம்பியர் இலையைக் காய்ச்சிச் சாற்றை இறுக வைக்க அடுப்பு ஓயாமல் எரிய வேண்டும், அதற்கான விறகு முழுவதும் பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தது, சில ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் தோட்டத்தை அப்படியே கைவிட்டு அடுத்த காட்டை வெட்டப் போனார்கள். நத்தானியல் கான்ட்லி என்பவர் அப்போது பூமலையின், அதாவது தாவரவியல் பூங்காவின், மேற்பார்வையாளர். அவர் 1883இல் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின்) காடுகளைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். சிங்கப்பூர்த் தீவில் ஏறக்குறைய 7 விழுக்காடுதான் காடாக எஞ்சியிருந்தது. அதன் பிறகுதான் காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன, எல்லை வெட்டப்பட்டது, காவலுக்கு ஆட்கள் போடப்பட்டார்கள். புக்கித் தீமா காடு இன்று இருப்பதற்குத் தொடக்கம் அதுதான்.

1888இல் அவருக்குப் பின் வந்தவர் ஹென்றி ரிட்லி. ரப்பர் மரத்தை இந்த வட்டாரத்தில் பரப்பியவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும், காடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம். பிறகு நிலைமை சரிந்தது. 1936இல் புக்கித் தீமாவைத் தவிர மற்ற காப்புக்காடுகளையெல்லாம் ரத்து செய்தார்கள். 1939இல் புக்கித் தீமா, பண்டான், கிராஞ்சி மூன்றும் மறுபடி பூமலையின் கைக்கு வந்தன. 1951இல்தான் இயற்கைக் காப்பகங்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒதுக்குவது, விடுவது, மறுபடி ஒதுக்குவது என்று நூறு ஆண்டுக்கு மேல் இப்படியே போயிருக்கிறது. செக் ஜாவா கதையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலக் கட்டடம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பூமலைக்குள் இருக்கும் பர்கில் ஹாலுக்குப் போகலாம். 1868இல் கட்டியது. பூங்காவின் தலைவர்கள் வழிவழியாகக் குடியிருந்த வீடு, ஆகவே காடுகளைப் பற்றிய பல முடிவுகளை எடுத்தவர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள். பின்னாளில் வைத்த பெயர் அது.

சரி, முதலாம் எண் வீட்டைக் கட்டியது யார்?

லாங்டன் வில்லியம்ஸ். அப்போதைய தலைமை நில அளவையாளர். நிலத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், இந்த வட்டாரத்தின் கரைகளையெல்லாம் வரைபடத்தில் பார்த்தவர், ஓய்வெடுக்க இந்த முனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இடத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது! வீட்டுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு படகுத்துறை இருந்தது. தீவின் மறுபுறக் கிராமத்தைத் தொடாமலே நேராகப் படகில் வந்து இறங்கலாம். அந்தத் துறைதான் புதுப்பிக்கப்பட்டு இன்று கடலைப் பார்த்து நிற்கும் காட்சிமேடையாக இருக்கிறது. அங்கே நின்றால் எதிரே புலாவ் செக்குடு தெரியும். தவளையும் பன்றியும் யானையும் ஜோகூர்க் கரைக்கு யார் முதலில் போவது என்று போட்டி போட்டு, ஒன்றும் போய்ச் சேராமல் கல்லாகிவிட்டன என்று ஒரு மலாய்க் கதை உண்டு. தவளை செக்குடு ஆனது, பன்றியும் யானையும் உபின் ஆயின. பிள்ளைகளை அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் நடந்த களைப்பு போய்விடும்.

இந்த வெயிலில் வீட்டுக்குள் கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்பு) எதற்கு?

எல்லாரும் கேட்கும் கேள்வி. வெளியே 32 டிகிரி, உள்ளே நெருப்பு மூட்டும் கணப்பு! சூட்டுக்காகக் கட்டியதென்று எனக்குத் தோன்றவில்லை. ஊரை விட்டு வெகுதூரம் வந்து வேலை பார்த்த ஒரு தலைமுறை தன் ஊர் வீட்டின் நடுப்பகுதியை இங்கே கட்டிவைத்துப் பார்த்திருக்கிறது. நம் ஆட்கள் மாடிக்குடியிருப்பு வாசலில் கோலம் போட்டு மாவிலை கட்டுவதைப் போலத்தான். ஒரு நடைமுறைப் பயனும் இருந்திருக்கலாம், டிசம்பர் மழையில் கடலோர வீட்டுக்குள் ஏறும் ஈரத்தை நெருப்பு கொஞ்சம் விரட்டும். சிங்கப்பூரில் இன்னும் எரியக்கூடிய நிலையில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கணப்பு இதுதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இதை மட்டும் பார்க்கவே சிலர் வருகிறார்கள்.

டியூடர் பாணி என்றால் என்ன?

இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற வீடுகளைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கட்டிய பாணி. செங்குத்துக் கூரை, வெள்ளைச் சுவரில் கருமையான மரச்சட்டங்கள், உயரமான புகைக்கூண்டு. இங்கே கறுப்பு வெள்ளை பங்களாக்கள் என்று சொல்கிறோமே, அவற்றுக்கும் இதற்கும் உறவு உண்டு, ஆனால் அவை தூண்மேல் நின்று நாலாபுறமும் காற்று வாங்கும், நம் தட்பவெப்பத்துக்காக யோசித்துக் கட்டியவை. முதலாம் எண் வீடு தரையோடு ஒட்டி நிற்கிறது. ஒரே காலத்து மனிதர்கள் இரண்டு விதமாக யோசித்திருக்கிறார்கள் என்பது இரண்டையும் பார்த்தால் புரியும்.

அங்கே பேய் இருக்கிறதாமே?

சிங்கப்பூரில் பத்து நாள் பூட்டிக் கிடந்தால் எந்தப் பழைய வீட்டுக்கும் ஒரு பேய்க் கதை வந்துவிடும். பிள்ளைகளைப் பயமுறுத்திக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பயத்தோடு போனால் வீட்டைப் பார்க்க மாட்டார்கள், ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வீடு இடிபடாமல் தப்பியது எப்படி?

கரை தப்பியதால் வீடு தப்பியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் கடலைத் தூர்த்து வளர்ந்த நாடு. 1960இல் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நிலப்பரப்பு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. அந்த வரிசையில் உபினின் கிழக்குக் கரையும் இருந்தது, 2001 கடைசியில் வேலை தொடங்குவதாகத் திட்டம். அதற்கு ஓராண்டு முன்பு, 2000 டிசம்பரில், ஜோசப் லாய் என்ற தாவரவியலாளர் நீர் வற்றியிருந்த நேரத்தில் செக் ஜாவாவில் நடந்து பார்த்தபோதுதான் அங்கே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிய வந்தது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திடல், பவளச் சிதைவு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு என்று ஆறு விதமான வாழிடங்கள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிச்சாவரம் போய் வந்தவர்களுக்கு அலையாத்திக் காடு புதிதில்லை. ஆனால் ஒரு பக்கம் அலையாத்தி, கொஞ்சம் தள்ளிக் கடற்புல், அதற்கும் அப்பால் பவளம் என்று நடந்தே போய்ப் பார்க்கும் தூரத்தில் எல்லாம் இருப்பது அபூர்வம்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. இயற்கை ஆர்வலர்கள், மாணவர்கள், சாதாரண மக்கள் என்று ஆளாளுக்குக் கடிதம் எழுதினார்கள். கரை போவதற்குள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நீர் வற்றும் நாள்களில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்போது ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகம் என்று இயங்கிவந்த அமைப்பு தொண்டூழியர்களை வைத்துக்கொண்டு கரையைக் கோடு கோடாகப் பிரித்து, எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று பதிவு செய்தது. வெறும் உணர்ச்சியாகப் பேசாமல் கையில் விவரத்தோடு பேசியதால் அந்தக் குரல் எடுபட்டது என்று நான் நம்புகிறேன். 2002 ஜனவரியில் தேசிய வளர்ச்சி அமைச்சு முடிவை அறிவித்தது: உபின் தீவு வளர்ச்சிப் பணிக்குத் தேவைப்படாத வரை கடலைத் தூர்க்கும் வேலை தள்ளிவைக்கப்படும்.

அடுத்த ஆண்டு, 2003 டிசம்பர் 1ஆம் தேதி, முதலாம் எண் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பிறகு வீட்டைச் சீரமைத்து, பலகை நடைபாதையும் கோபுரமும் கட்டி, 2007 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மொத்தத் திட்டத்துக்கும் ஆன செலவு சுமார் 70 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் தேசிய நினைவுச்சின்னமா?

இரண்டும் வேறு. தேசிய நினைவுச்சின்னங்கள் தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ் வரும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது நகர மறுசீரமைப்பு ஆணையம். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் இந்த வகை. தீவு முழுக்க 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதில் உண்டு. சுவரை உடைப்பதோ கூரையை மாற்றுவதோ எதுவாக இருந்தாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். இருப்பதை முடிந்த மட்டும் அப்படியே வைத்துக்கொள், பழையதைக் கெடுக்காமல் மீட்டெடு, பழுதைக் கவனமாகப் பார், இவைதான் அவர்கள் வைத்திருக்கும் மூன்று விதிகள். ஒரு கதவு பாதி உளுத்திருந்தால் உளுத்த பாதியை மட்டும் மாற்ற வேண்டும் என்பதுதான் இதன் பொருள், கதவையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டுவது கடைசி வழி.

அப்படியென்றால் செக் ஜாவா கரையும் சட்டப்படி பாதுகாப்பாக இருக்கிறதா?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வீட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு இருக்கிறது. கரைக்கு இருப்பது தள்ளிவைப்பு.

சிங்கப்பூரில் சட்டப்படி அறிவிக்கப்பட்ட இயற்கைக் காப்பகங்கள் நான்கு: புக்கித் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். செக் ஜாவா இவற்றில் ஒன்றில்லை. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளைக் கடல்சார் பூங்காவாக அறிவித்தார்கள், அதிலும் இது சேரவில்லை. 2002இல் சொன்ன வாக்கு இன்றுவரை காக்கப்பட்டிருக்கிறது, அதற்காக நன்றி சொல்ல வேண்டும். நடைபாதை போட்டதும் வீட்டைச் சீரமைத்ததும் அந்த வாக்கில் அரசாங்கம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. ஆனால் அந்த அறிவிப்பில் 'தேவைப்படாத வரை' என்ற நிபந்தனை இருக்கிறது, அதை மறந்துவிட்டு எல்லாம் முடிந்துபோன கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. மேலே வனக்காவலர் கேள்வியில் சொன்னேனே, 1936இல் ஒரே முடிவில் ரத்தான காப்புக்காடுகள். லாப்ரடாரையே எடுத்துக்கொள்ளுங்கள், 1951 சட்டத்தின் கீழ் காப்பகமாக இருந்தது, 1973இல் அந்தத் தகுதியை இழந்தது, 2002இல்தான் திரும்பக் கிடைத்தது. எழுதி வைத்ததே இப்படி மாறுகிறது என்றால் தள்ளிவைத்ததை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

கடல் பார்க்கும் வீடாகக் கட்டியது அது. முன்னால் கடலைத் தூர்த்துவிட்டால் வீடு இருக்கும், புகைக்கூண்டும் இருக்கும், ஆனால் அந்த ஆள் ஏன் அங்கே வீடு கட்டினார் என்பதற்கான பதில் போய்விடும். வீட்டுக்குக் கிடைத்த அதே அளவு சட்டப் பாதுகாப்பு கரைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: நகர மறுசீரமைப்பு ஆணையம் நீண்டகாலத் திட்டங்களையும் பெருந்திட்டத்தையும் வெளியிடும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அப்போது நாலு வரி எழுதி அனுப்புங்கள். 2001இல் எழுதியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்.

கடற்கரையில் பழைய வீட்டைப் பராமரிப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான். உப்புக்காற்று இரும்பை விடாது, ஆணி, கீல், ஜன்னல் கம்பி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும், உள்ளே துரு பருத்ததும் கான்கிரீட் வெடித்துச் சில்லுச் சில்லாக உதிரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தாலே போதும், தண்ணீர் மரச்சட்டத்தில் இறங்கும், ஈர மரத்தைத் தேடிக் கரையான் வரும். காட்டை ஒட்டிய வீட்டில் கரையானை ஒரேயடியாக ஒழிக்க முடியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய சுவர்களில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். நல்லது செய்வதாக நினைத்து அதன்மேல் சிமெண்டும் காற்றுப் புகாத பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. ஊரில் பழைய செட்டிநாட்டு வீடு வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பழைய சுவருக்குப் பழைய பொருள்தான் ஒத்துப்போகும். அப்புறம், உபினில் வேலை என்றால் மணல் மூட்டையிலிருந்து ஓடுவரை எல்லாம் படகில் ஏறி வர வேண்டும். அந்தச் செலவையும் உழைப்பையும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கடல்மட்டம் உயர்ந்தால் வீடு என்னாகும்?

2024இல் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும். கரையோரத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் இது கவலைதான். அலையாத்தி மரங்களின் வேர்கள் அலையின் வேகத்தைத் தணித்துச் சேற்றைப் பிடித்துவைப்பதால் அவை இருக்கும் கரை அரிப்பைக் கொஞ்சம் தாங்கும். உபினில் அலையாத்தியை மீட்டெடுக்கும் பணியில் தொண்டூழியர்கள் இறங்கியிருக்கிறார்கள். கரைக்கு ஆபத்து கடல்மட்டத்தால் மட்டும் வருவதில்லை. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் பெருவெள்ளம் வந்தபோது ஆற்று வழியாக நன்னீர் கடலில் கொட்டி, உப்பு குறைந்து, செக் ஜாவாவின் கடலுயிர்கள் ஏராளமாக மடிந்தன. நடைபாதை திறப்பதற்குச் சில மாதங்கள்தான் இருந்தன. நல்லவேளை, கரை மெல்ல மெல்ல மீண்டது.

பழைய வீட்டைப் பழைய வீடாகவே விட்டுவைக்காமல் ஏன் வருகையாளர் மையமாக்க வேண்டும்?

ஆள் புழங்காத வீடு நம் தட்பவெப்பத்தில் சீக்கிரம் வீணாகிவிடும். தினமும் யாராவது ஜன்னலைத் திறந்தால்தான் காற்றோட்டம் இருக்கும், யாராவது உள்ளே இருந்தால்தான் ஒழுகுவது அன்றைக்கே தெரியும். அதனால் என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட, அந்த வேலை வீட்டுக்கும் இடத்துக்கும் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பேன். இங்கே பொருந்துகிறது.

இதே போல இன்னொன்றைச் சொல்ல வேண்டுமானால் பூமலையின் கேலப் விரிவாக்கம். அத்பரா என்ற பங்களா 1898இல் கட்டியது, வடிவமைத்தவர் ஆர். ஏ. ஜே. பிட்வெல். இங்குள்ள கறுப்பு வெள்ளை வீடுகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 2021இல் அது காடுகளைப் பற்றிய கண்டறிதல் மையமாகத் திறக்கப்பட்டது. பக்கத்தில் 1906இல் கட்டிய இன்வர்டரட் என்ற வீடு தாவர ஓவியக் கூடமாகியிருக்கிறது. 1932இல் எழுந்த புக்கித் தீமா ரயில் நிலையத்தையும் சீரமைத்து 2022இல் திறந்தார்கள், ரயில் போன தடத்தில் இப்போது மக்கள் நடக்கிறார்கள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு உபினுக்கு வந்தால் கட்டடப் பாதுகாப்பில் நம் ஊர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும்.

போனால் வேறென்ன பார்க்கலாம்?

நடைபாதை மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கடலோரச் சுற்று சுமார் 600 மீட்டர், அலையாத்திச் சுற்று சுமார் 500 மீட்டர். ஜெஜாவி கோபுரம் 20 மீட்டர் உயரம், மேலே ஏறினால் மர உச்சிகளும் அந்தப் பக்கம் கடலும் தெரியும். இருவாச்சி கண்ணில் பட வாய்ப்பு அதிகம். பல்லாண்டுகள் சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த பறவை அது. 1994இல் உபினில் திரும்ப வந்தது, கூடு கட்டப் பெரிய மரப்பொந்துகள் போதாததால் செயற்கைக் கூடுகளை மரத்தில் பொருத்திக் கொடுத்தார்கள், இன்று தலைநிலத்திலும் மாடிக்குடியிருப்புப் பக்கமெல்லாம் பறக்கிறது. அதைக் கூண்டில்லாமல் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

எப்போது போவது நல்லது?

கடல் வற்றும் நேரத்தில். ஓத அட்டவணையில் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே என்று போட்டிருக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். நீர் ஏறியிருக்கும்போது போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள், பிறகு 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று ஊரெல்லாம் சொல்வீர்கள். வற்றியிருந்தால் நடைபாதையிலிருந்தே கடற்புல் திடலும் நண்டுகளும் தெரியும். கீழே இறங்கி நடக்கக் கூடாது, ஒவ்வொரு காலடியும் சேற்றுக்குள் இருப்பவற்றை நசுக்கும். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடுவதுண்டு. மையம் காலை 8.30 மணிமுதல் மாலை 6 மணிவரை.

தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகலாமா?

போகலாம், கொஞ்சம் முன்யோசனை வேண்டும். சாங்கி முனை படகு முனையத்தில் பம்போட் ஏற வேண்டும். 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடப் பயணம், காசாக எடுத்துப்போங்கள். படகில் ஏறி இறங்குவதுதான் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம், படகுக்காரர் கை கொடுப்பார், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இறங்கியதும் செக் ஜாவாவரை நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும், வழியில் மேடு உண்டு. பெரியவர்களுக்கு வேன் பேசிக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். சைக்கிளில் போகிறவர்கள் வாசலில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். வீட்டருகிலும் நடைபாதையிலும் பெரும்பாலும் சமதரை. கோபுரம் மட்டும் படிக்கட்டு.

அங்கே கடை கிடையாது. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து கையோடு இருக்கட்டும். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்கும் காட்டுப்பன்றியும் அந்தப் பையை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. பாவம் பசிக்குது என்று புளிச்சாதத்தை வைப்பதும் கூடாது. 2020இலிருந்து வனவிலங்குகளுக்கு உணவு கொடுப்பது எல்லா இடத்திலும் குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், ஒருமுறை மனிதர் கையில் வாங்கித் தின்று பழகிய பன்றி அடுத்த முறை ஒரு குழந்தையின் கையிலிருந்து பறிக்கும், அப்புறம் அதைப் பிடித்துக் கொல்ல வேண்டியதாகிவிடும்.

வீட்டுக்குள் அனுமதிக் கட்டணம் உண்டா?

இல்லை.

எங்கள் வீட்டில் உபினின் பழைய படங்கள் இருக்கின்றன, என்ன செய்யலாம்?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்னால் யார், எங்கே, ஏறக்குறைய எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஊறிவிடும். தேசிய ஆவணக் காப்பகம் பொதுமக்கள் தரும் படங்களை ஏற்றுக்கொள்கிறது, அதன் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து பலரின் நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது, தமிழிலும் பேட்டிகள் இருக்கின்றன. உபினின் கல்லுடைப்புப் பள்ளங்களில் 1999வரை வேலை நடந்தது, அங்கே வேலை பார்த்தவர்களோ, படகில் சரக்கு கொண்டுபோனவர்களோ, பள்ளிச் சுற்றுலாவில் அந்த வீட்டின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்கள் நன்றாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். "அப்போ படகுக் கூலி எவ்வளவுப்பா?" என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.